ஸ்பெக் ஷீட்டில் சிசியை மட்டும் பார்த்து பைக் எடுக்காதீர்கள்

ஷோரூமுக்குள் நுழைந்ததும் நம்மவர்கள் கேட்பது "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?", அடுத்து "எத்தனை சிசி?". வண்டியின் விவரங்களை எண்களோடு அடுக்கும் ஸ்பெக் ஷீட்டை அதற்கு மேல் படிப்பவர்கள் குறைவு. படிப்பவர்களிலும் பலர் பாதி வரியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸையே எடுத்துக்கொள்வோம். 97.2 சிசி, 8.02 பிஎஸ் பவர். "எட்டு குதிரையா, பரவாயில்லையே" என்று அங்கேயே நின்றுவிடக் கூடாது. பக்கத்திலேயே 8,000 ஆர்பிஎம் என்று போட்டிருக்கும்; அதாவது, இன்ஜின் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றும்போதுதான் அந்த பவர். ஊருக்குள் அந்த அளவுக்கு யார் முறுக்கப்போகிறார்கள்? பின்னால் ஆள், அவர் மடியில் அரிசிப் பை என்று மேம்பாலம் ஏறும்போது கைகொடுப்பது டார்க், அதாவது இன்ஜினின் சுழற்றும் விசை. ஸ்ப்ளெண்டரில் அது 6,000 ஆர்பிஎம்மில் 8.05 என்எம். 125 சிசி டிவிஎஸ் ரைடரில் அதே ஆர்பிஎம்மில் 11.2 என்எம். எடை 112 கிலோவுக்குப் பதில் 123 கிலோ ஆனாலும், டபுள்ஸ் போகும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். தனியாளாகக் கடைக்கும் ரயில் நிலையத்துக்கும் போய்வருபவருக்கு 125 தண்டச் செலவு என்பேன்.

கம்பெனி சொல்லும் மைலேஜ் கணக்கு பெரும்பாலும் ஆய்வகத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்தது. அதை ஸ்ப்ளெண்டரின் 9.8 லிட்டர் டேங்கோடு பெருக்கி, இத்தனை கிலோமீட்டர் போகும் என்று நம்பி ஊருக்குக் கிளம்பாதீர்கள். ஃபுல் டேங்க் போட்டு ஓட்டி, மறுபடி ஃபுல் பண்ணி, ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உங்கள் மைலேஜ் வந்துவிடும்.

பிரேக் விஷயத்தில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம். 2019 ஏப்ரலில் எல்லா பைக்குக்கும் வந்த விதிப்படி, 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். 125 வரை சிபிஎஸ் (இரண்டு பிரேக்கையும் இணைக்கும் அமைப்பு) போதும் என்றது அந்த விதி. "அதுவும் ஏபிஎஸ் மாதிரிதான் சார்" என்று விற்பவர் சொன்னால் தலையாட்டாதீர்கள். பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும், சிபிஎஸ் செய்வது அவ்வளவுதான். மழையில் அழுத்தி மிதித்தால் சக்கரம் லாக் ஆவதை அது தடுக்காது.

ஷீட்டில் டயர் அளவு 80/100-18 என்றால் அதையே போடுங்கள். அழகுக்கு அகல டயர் மாட்டினால் மைலேஜும் பிக்கப்பும் சேர்ந்தே இறங்கும்.

ஆயில் வரியை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆயிலின் தடிமனைக் குறிக்கும் 10டபிள்யூ-30 என்ற எண் ஒத்துப்போகிறதே என்று காருக்கு வாங்கியதில் மிச்சத்தை ஊற்றுகிறார்கள். இந்த பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து சுழல்பவை. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருளால் கிளட்ச் வழுக்கலாம்: இன்ஜின் கத்தும், வண்டி நகராது. இப்படி ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற குறி டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.