எக்செல் தாளிலிருந்து தரவுத்தளத்துக்கு: முதல் கிழமையில் வரும் கேள்விகள்

கொக்குவிலில் ஒரு ரியூட்டரி என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையின் பெயர், பாடம், ஆசிரியர், தாயின் தொலைபேசி, மாதக் கட்டணம், கட்டிய திகதி எல்லாம் ஒரே எக்செல் தாளில். ஐம்பது அறுபது பிள்ளைகள் வரை ஓடும். பிறகு மூன்று பாடம் படிக்கிற பிள்ளைக்கு மூன்று வரி, மூன்றிலும் அதே தொலைபேசி இலக்கம். தாய் இலக்கத்தை மாற்றினால் இரண்டு வரியைத் திருத்தி மூன்றாவதை விட்டுவிடுவார்கள். அடுத்த மாதம் எது சரி, எது பிழை என்று ஒருவருக்கும் தெரியாது.

இந்தத் தலையிடிக்கு மருந்து தொடர்புத் தரவுத்தளம், அதாவது தரவைப் பல அட்டவணைகளாகப் பிரித்து ஒன்றோடொன்று இணைத்து வைக்கும் முறை. ஒரு தகவல் ஒரே இடத்தில் இருக்கும், மற்ற இடமெல்லாம் அதைச் சுட்டும். ஐபிஎம்மில் இருந்த எட்கர் கொட் 1970இல் இந்த மாதிரியை முன்வைத்த கட்டுரையிலேயே, ஒரே தரவு திரும்பத் திரும்ப வருவதைப் பற்றித் தனிப் பகுதி உண்டு.

கட்டளைச் சொற்களை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

எதை நிறுவுவது?

சாம்ப் என்ற மென்பொருள் பொதியைப் போட்டால் மரியாடிபி என்ற தரவுத்தள மென்பொருள் அதனுடன் வந்துவிடும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளிலிருந்து பிரிந்த கிளை அது. படிக்கிற அளவில் இரண்டும் ஒன்றுபோலத்தான். போஸ்ட்கிரெஸும் நல்லது. எஸ்கியூலைட் ஒரே கோப்பில் முடிந்துவிடும், நிறுவ ஒன்றுமில்லை. ஆனால் அதில் அந்நியச் சாவிக் கட்டுப்பாடு (ஓர் அட்டவணை சுட்டும் வரி மற்ற அட்டவணையில் உண்மையில் இருக்க வேண்டும் என்ற விதி) பொதுவாக அணைந்தே இருக்கும்; ஒவ்வொரு இணைப்பிலும் 'பிராக்மா ஃபொரின்_கீஸ் = ஒன்' என்று இயக்க வேண்டும். அது தெரியாமல் பழகினால் பிழையான தரவு சத்தமில்லாமல் உள்ளே போகும்.

எத்தனை அட்டவணை போடுவது?

கணினியைத் திறக்க முன் கொப்பியில் இரண்டு வசனம் எழுதுங்கள். "ஒரு மாணவர் பல வகுப்புக்குப் போவார்." "ஒரு வகுப்பில் பல மாணவர் இருப்பார்கள்." இரண்டு பக்கமும் 'பல' என்று வந்தால் நடுவில் மூன்றாவது அட்டவணை தேவை. ரியூட்டரிக்கு ஐந்து போதும்: மாணவர், ஆசிரியர், வகுப்பு, சேர்வு, கொடுப்பனவு. 'சேர்வு' தான் அந்த நடு அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் ஒரு மாணவர் எண், ஒரு வகுப்பு எண், சேர்ந்த திகதி. அந்த இரண்டு எண்ணும் சேர்ந்து தனித்துவமாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடும் போட்டால் ஒரே பிள்ளையை ஒரே வகுப்பில் இரண்டு தரம் பதிய முடியாது.

புதிதாக வருகிறவர்கள் இதற்குப் பதிலாக மாணவர் அட்டவணையிலேயே பாடம்1, பாடம்2, பாடம்3 என்று மூன்று நிரல் போடுவார்கள். நாலாவது பாடம் வந்தவுடன் அட்டவணையையே உடைக்க வேண்டும். "இரசாயனவியல் படிப்பவர் யார்" என்று கேட்க மூன்று நிரலிலும் தேட வேண்டும். 'கணிதம், பௌதிகவியல்' என்று ஒரே புலத்தில் கமா போட்டு அடைப்பது இதைவிட மோசம்.

கட்டணம் வகுப்பிலும் இருக்கிறது, கொடுப்பனவிலும் தொகை இருக்கிறது. இது இரட்டிப்பு இல்லையா என்று கேட்பார்கள். இல்லை. வகுப்பில் இருப்பது இன்றைய விலை. கொடுப்பனவில் இருப்பது அன்று கையில் வாங்கிய காசு. இரண்டாவதை எடுத்துவிட்டால், தை மாதம் கட்டணத்தைக் கூட்டியவுடன் போன வருடக் கணக்கும் சேர்ந்து கூடிவிடும்.

அடையாள அட்டை இலக்கம் முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் புலமாக) வருமா?

வராது. பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். புதியதில் 12 இலக்கம். ஒரே ஆளை ஒருவர் பழைய வடிவிலும் இன்னொருவர் புதிய வடிவிலும் பதிந்தால் தரவுத்தளத்துக்கு அவர் இரண்டு ஆள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அட்டையே இராது. தொலைபேசி இலக்கமும் சரிவராது, ஒரு வீட்டில் மூன்று பிள்ளைக்கும் தாயின் இலக்கம்தான். தரவுத்தளமே தானாகக் கூட்டிக்கொண்டு போகும் எண்ணைச் சாவியாக வையுங்கள். அடையாள அட்டைக்குத் தனித்துவக் கட்டுப்பாடு மட்டும் போடுங்கள். மைஎஸ்கியூஎல்லில் அந்தப் புலம் பலருக்கு வெறுமையாக, அதாவது 'நல்' ஆக இருந்தாலும் தடை வராது.

அந்த எண்ணில் இடைவெளி விழும். 41க்குப் பிறகு 43 வந்தால் பயப்பட வேண்டாம். இடையில் ரத்தான பதிவு தன் எண்ணைத் திருப்பித் தராது. ஆகவே பற்றுச்சீட்டு இலக்கமாக அதைப் பயன்படுத்தாதீர்கள், கணக்காய்வுக்கு வருகிறவர் 42 எங்கே என்று கேட்பார்.

பெயருக்கு வெளிநாட்டுப் பாடநூலைப் பார்த்து 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று பிரிக்காதீர்கள். எங்கள் பெயரில் முன்னால் நிற்பது தகப்பன் பெயரின் முதலெழுத்து. முழுப்பெயருக்கு ஒரு நிரல், முதலெழுத்துடன் கூடிய பெயருக்கு ஒரு நிரல், அவ்வளவுதான்.

எந்தத் தரவு வகை?

தொலைபேசி எண் அல்ல, எழுத்து. முழுஎண் வகையில் போட்டால் யாழ்ப்பாணத்தின் 021 வெறும் 21 ஆகிவிடும். வார்ச்சார்(15), அதாவது 15 குறி வரை எழுத்து, போதும். காசுக்கு டெசிமல்(10,2), 99,999,999.99 வரை தாங்கும். ஃபுளோட் வேண்டாம், 0.1ஐயே அது சரியாக வைத்திருக்காது. ஆயிரம் வரி கூட்டும்போது சதம் இடிக்கும். திகதியை எழுத்தாக வைக்காமல் டேட் வகையில் 2025-03-04 என்று வையுங்கள். 03/04/2025 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று அடித்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

தமிழ் ஏன் கேள்விக்குறியாக வருகிறது?

அட்டவணையின் எழுத்துக்குறி முறை 'யூடிஎஃப்8எம்பி4' ஆக இருக்க வேண்டும். அதோடு இணைப்பும் அதே முறையில் திறக்க வேண்டும். பலர் மறப்பது இந்த இரண்டாவதைத்தான். சேமித்தது கேள்விக்குறியாகவே உள்ளே போயிருந்தால் எழுத்து அழிந்துவிட்டது, மீட்க வழியில்லை. மேலே புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்கலாம், அவசரப்பட்டு அழிக்காதீர்கள்.

நீளத்தையும் பாருங்கள். 'யாழ்ப்பாணம்' எங்கள் கண்ணுக்கு 6 எழுத்து. தரவுத்தளத்துக்கு 11, ஏனென்றால் புள்ளியும் காலும் தனித்தனிக் குறிகள். ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 33 பைட். வார்ச்சார்(10) என்று கொடுத்த ஊர்ப்பெயர்ப் புலத்தில் யாழ்ப்பாணமே அடங்காது. ஸ்ட்ரிக்ட் நிலை (அடங்காத தரவை மறுக்கும் அமைப்பு) இயங்கினால் பிழை 1406 வரும். அணைந்திருந்தால் கடைசிப் புள்ளியை வெட்டிவிட்டு 'யாழ்ப்பாணம' என்று சேமித்துவிடும்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள். அது தமிழ்போலத் தெரியும் ஆங்கில எழுத்து. முதலில் யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். யூனிகோட்டிலும் 'கொக்குவில்' என்பதன் முதலெழுத்தில் வரும் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு குறியாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, குறிகளை அப்படியே ஒப்பிடும் பைனரி ஒப்பீட்டில் வேறு. தேடினால் பாதிப் பேர் வரமாட்டார்கள். உள்ளே எடுக்கும்போதே, அவற்றை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிட்டால் தொல்லை இல்லை.

ஒரு பிள்ளையைத் திருத்தப் போய் எல்லாம் மாறிவிட்டதே?

எந்த வரி என்று சொல்லும் 'வெயர்' பகுதி இல்லாமல், தரவை மாற்றும் அப்டேட் கட்டளையை ஓட்டியிருப்பீர்கள். ஒரு வழக்கம் பழகுங்கள்: முதலில் அதே 'வெயர்' பகுதியுடன், வரிகளை எடுத்துக் காட்டும் செலெக்ட் ஓட்டி எத்தனை வரி வருகிறது என்று பாருங்கள். பிறகு 'ஸ்டார்ட் ட்ரான்சாக்ஷன்', அதன்பின் அப்டேட். "1 வரி மாறியது" என்று வந்தால் 'கொமிட்' (மாற்றத்தை உறுதிசெய்). 312 என்று வந்தால் 'ரோல்பேக்' (பழைய நிலைக்குத் திருப்பு). மைஎஸ்கியூஎல் பொதுவாக ஒவ்வொரு கட்டளையையும் உடனே உறுதிசெய்துவிடும், ஆகவே முன்கூட்டியே தொடங்காவிட்டால் ரோல்பேக் ஒன்றும் செய்யாது.

உலாவியில் தரவுத்தளத்தைக் கையாளும் பிஎச்பிமைஅட்மின்னில் ஒரு கண்ணி உண்டு. ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் அது புதிய இணைப்பைத் திறக்கும். தொடக்கத்தை ஒரு தரம், கொமிட்டை இன்னொரு தரம் அனுப்பினால் நடுவில் செய்தது தானாக ரத்தாகிவிடும். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் செய்வதே நல்லது. அட்டவணையை மாற்றும் ஆல்டர், முழுதாக நீக்கும் ட்ரொப், வெறுமையாக்கும் ட்ரங்கேட் மூன்றுக்கும் மைஎஸ்கியூஎல்லில் ரோல்பேக் கிடையாது.

மார்ச் மாதம் கட்டாதவர்களை எப்படி எடுப்பது?

கீழே 'சே' என்பது சேர்வின் சுருக்கம், 'கொ' கொடுப்பனவின் சுருக்கம். இரண்டிலும் 'எண்' என்பது தானாகக் கூடும் சாவி. 'மாதம்' அந்த மாதத்தின் முதல் திகதியாக இருக்கும்.

செலெக்ட் சே.மாணவர்_எண், சே.வகுப்பு_எண்
ஃப்ரம் சேர்வு சே
லெஃப்ட் ஜொயின் கொடுப்பனவு கொ
ஒன் கொ.சேர்வு_எண் = சே.எண்
அண்ட் கொ.மாதம் = '2025-03-01'
வெயர் கொ.எண் இஸ் நல்;

இங்கே எல்லாம் மாதம் நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது. 'ஒன்' பகுதியில் நின்றால், சேர்வு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு மார்ச் கொடுப்பனவு பொருந்தாத இடத்தை வெறுமையாக விடும். அதை 'வெயர்' பகுதிக்கு இறக்கினால் ஒரு வரியும் வராது. வெறுமையான மாதம் ஒருபோதும் மார்ச்சுக்குச் சமமாகாது. "ஆகா, எல்லோரும் கட்டிவிட்டார்கள்" என்று சந்தோசப்பட வேண்டியதுதான்.

'= நல்' என்று எழுதாதீர்கள். நல் என்பது பூச்சியம் அல்ல, 'தெரியாது'. தெரியாததும் தெரியாததும் சமமா என்றால் அதற்கும் விடை தெரியாது. 'இஸ் நல்' மட்டும்தான் சரிவரும்.

இன்னொன்று, கூட்டுத்தொகை. ஒரு சேர்வுக்கு 1,500 வீதம் 3 கொடுப்பனவு, 8 நாள் வரவு (பிள்ளை வகுப்புக்கு வந்த நாள்). வரவுக்கென்று ஓர் அட்டவணை பிறகு சேர்த்து, மூன்றையும் ஒரே கட்டளையில் இணைத்தால் 24 வரி. 4,500 வரவேண்டிய இடத்தில் 36,000 நிற்கும். 'டிஸ்டிங்க்ட்' போட்டுச் சமாளிக்கப் பார்த்தால் மூன்று 1,500உம் ஒன்றாகி 1,500 தான் மிஞ்சும். கொடுப்பனவைத் தனியாகக் கூட்டி, வரவைத் தனியாக எண்ணி, அந்த இரண்டு விடைகளையும் பிறகு சேர்வுடன் இணையுங்கள்.

பிழை 1451, 1452 என்று வருவது என்ன?

இரண்டும் அந்நியச் சாவி தன் வேலையைச் செய்வது. 1452: இல்லாத மாணவர் எண்ணுக்குச் சேர்வு போடப் பார்க்கிறீர்கள், முதலில் மாணவரைப் பதியுங்கள். 1451: சேர்வு இருக்கும் மாணவரை அழிக்கப் பார்க்கிறீர்கள். 'ஒன் டிலீட் கெஸ்கேட்' போட்டால் வழிவிடும், ஆனால் பிள்ளையோடு காசுக் கணக்கும் போய்விடும். விலகியவரை அழிக்காமல் 'விலகிய திகதி' என்று ஒரு நிரல் வையுங்கள். பிழையே வராமல் எல்லாவற்றையும் விடுகிறது என்றால் அட்டவணை மைஐஎஸ்ஏஎம் வகையாக இருக்கலாம். அது அந்நியச் சாவியைக் கவனிக்காது, ரோல்பேக்கும் இல்லை. இன்னோடிபி வகைக்கு மாற்றுங்கள்.

காப்பு

தரவுக் கோப்புறையை ஓடிக்கொண்டிருக்கும்போது பென்ட்ரைவில் நகலெடுப்பது காப்பு அல்ல. பாதி எழுதிய நிலையில் பிடிபடும். தரவுத்தளத்தை ஒரு கோப்பாக எழுதித் தரும் 'மைஎஸ்கியூஎல்டம்ப்' கட்டளையை 'சிங்கிள் ட்ரான்சாக்ஷன்' தெரிவுடன் ஓட்டுங்கள், கோப்பை வேறு வீட்டில் வையுங்கள். மாதம் ஒரு தரம் 'சோதனை' என்ற புதிய தரவுத்தளத்தில் அதை மீட்டு, கொடுப்பனவு அட்டவணையின் வரி எண்ணிக்கையையும் கடைசிப் பற்றுச்சீட்டின் திகதியையும் கட்டணக் கொப்பியுடன் ஒப்பிடுங்கள்.