போன் பில்லை வரிவரியாகப் படிப்பது எப்படி?

போன் பில் வந்ததும் எல்லோருக்கும் கண் போவது அடியில் இருக்கும் மொத்தத் தொகைக்குத்தான். தாராவியில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். பில்லைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, மொத்தத்தைக் கடைசியில் பாருங்கள் என்பதைத்தான்.

முதலில் பழைய பாக்கி. போன மாதம் கட்டிய பணம் வரவாகியிருக்கிறதா பாருங்கள். பில் போட்ட தேதிக்குப் பிறகு கட்டியிருந்தால் அடுத்த பில்லில்தான் வரும், பதற வேண்டாம்.

அப்புறம் இந்த மாதக் கட்டணம். இங்கே நிதானமாக இருங்கள். இட்லிக் கடை அண்ணாச்சி எடுத்திருந்தது 499 ரூபாய் பிளான். 18 சதவீத ஜிஎஸ்டி 89.82 சேர்த்தால் 588.82 வர வேண்டும். வந்ததோ 705.64. இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில், வெறும் சுருக்கெழுத்தாக 99 ரூபாய்க்கு ஒரு வரி இருந்தது. ஏதோ கேம்ஸ் சேவையாம்! விடிகாலையில் மாவு கரைக்கிற மனிதருக்கு கேம்ஸ் எதற்கு? அந்த 99-க்கும் ஜிஎஸ்டி சேர்ந்து, மாதம் 116.82 போய்க்கொண்டிருந்தது. பிளான் தொகையை 1.18-ஆல் பெருக்கிப் பாருங்கள். மொத்தம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் காரணம் ஏதோ ஒரு வரியில் இருந்தே ஆக வேண்டும்.

அமெரிக்காவில் 1999-லேயே தொலைத்தொடர்பு ஆணையம் பில்லுக்கென்று விதி போட்டது. எந்த நிறுவனம் பணம் கேட்கிறது, எதற்காகக் கேட்கிறது என்பதைப் புரிகிற சொல்லில் எழுத வேண்டும், சந்தேகம் கேட்க இலவச எண் தர வேண்டும். எந்தெந்தத் தொகையைக் கட்டாவிட்டால் அடிப்படை இணைப்பு துண்டிக்கப்படும், எவற்றைக் கட்டாவிட்டால் துண்டிக்கப்படாது என்பதும் பில்லிலேயே தெரிய வேண்டும். இந்தக் கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். லைன் போய்விடுமோ என்ற பயத்தில்தானே கேள்வி கேட்காமல் கட்டிவிடுகிறோம்? உங்கள் பில்லின் ஒவ்வொரு வரியிடமும் இதையே கேளுங்கள்: யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? பதில் இல்லாத வரியைப் பேனாவால் சுழித்துவிடுங்கள்.

நம் நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் சும்மா இல்லை. இப்படிப்பட்ட கூடுதல் சேவையைத் தொடங்குமுன் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும் என்று 2013-ல் உத்தரவு போட்டது. சேவையை நிறுத்த 155223 என்ற எண் இருக்கிறது.

நிறுத்தினால் மட்டும் போதாது, போன பணத்தையும் கேளுங்கள். கஸ்டமர் கேரில் புகார் சொல்லி, புகார் எண்ணை அந்தப் பில் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார் சொல்லாத புகார்தான். தீரவில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. தனிநபர் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை, அதனால் அங்கே அலைய வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசி வழக்குகளை அங்கே விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2022-ல் சொல்லிவிட்டது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, வக்கீல் வைக்காமலே மனுப் போடலாம்.