விடுமுறையும் பதற்றமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள், முக்கியமாக ஒன்று

பதற்ற நோயோடு வாழ்பவர்கள் மாதம் இரண்டு முறை கூடிப் பேசும் சிறு குழு ஒன்றை நடத்துகிறேன். எனக்கும் அந்த நோய்க்கும் 18 வருடப் பழக்கம். நீண்ட விடுமுறை முடிந்து நடக்கும் முதல் சந்திப்பு என்றாலே எனக்குக் கொஞ்சம் அலுப்பு. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக வாயைத் திறப்பார்கள். நான் என்றைக்கோ அடித்த கூத்துகளையே திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பேன். நேரத்துக்குத் தூங்குங்கள், செலவுக்குக் கணக்கு வையுங்கள், எல்லா அழைப்புக்கும் தலையாட்டாதீர்கள் என்பதையெல்லாம் ஏற்கெனவே பத்துப் பேர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சந்தோஷத்தை ஒரு வேலையாக்கிக்கொள்வது

1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களைப் பட்டியலிட்டு, எது எவ்வளவு உலுக்கும் என்று மதிப்பெண் போட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. பட்டியலின் அடிமட்டத்துக்கு வந்தால் விடுமுறை 13, கிறிஸ்துமஸ் 12, சின்னச் சின்னச் சட்டமீறல் 11. வண்டியை நிறுத்தி அபராதம் போட்டால் வரும் எரிச்சலைவிட விடுமுறை இரண்டு மதிப்பெண் அதிகம்! இதை முதன்முதலில் படித்தபோது நிம்மதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் சிரிக்கிற இடத்தில் எனக்கு மட்டும் வயிறு பிசைகிறதே என்று அதுவரை வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். தூக்கம், சாப்பாடு, தனிமை, வழக்கமான நடை எல்லாம் ஒரே வாரத்தில் மாறினால் உடம்பு அதைக் கணக்கில் எடுக்கத்தான் செய்யும். ரசித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது

இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுமையாகக் கேட்க முடியவில்லை. மறந்து விட்டுப் போனவர்களைச் சொல்லவில்லை. மறைக்க நினைத்து விட்டுப் போனவர்களைச் சொல்கிறேன்.

பதற்றத்துக்காகத் தினமும் போடும் பராக்ஸெட்டின் என்ற மாத்திரையை நான் எடுக்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒன்பது நாள் உறவினர் வீட்டில் தங்குவதாகத் திட்டம். முதல் நாள் இரவு பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். மாத்திரை அட்டையை ஓரமாகச் செருகப் போனபோது ஒரு காட்சி மனத்தில் ஓடியது: சீப்பு தேடி அத்தை என் பையைத் திறக்கிறார், அட்டையைத் திருப்பிப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார், "இது என்னத்துக்கு?" என்று கூடத்துக்கே கேட்கும்படி கேட்கிறார். அட்டையை எடுத்து மேசை டிராயரில் போட்டு மூடினேன். எட்டு மாதமாக நன்றாகத்தானே இருக்கிறோம், ஒன்பது நாளில் என்ன ஆகிவிடும்?

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. 'பார்த்தாயா, எனக்கு மருந்தே தேவையில்லை' என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் பல் தேய்த்தபடி பக்கவாட்டில் பார்வையைத் திருப்பினேன். தலைக்குள் ஒயரை உரசியது மாதிரி சுரீரென்று ஒரு அதிர்வு. திரும்பப் பார்த்தேன், திரும்ப அதே அதிர்வு. மதியத்துக்குள் தலைசுற்றலும் குமட்டலும் வந்தன. இரவில் சினிமா மாதிரி கனவுகள். நான்காம் நாள், பந்து என் காலில் பட்டதற்காக ஒரு குழந்தையை அழும்வரை திட்டித் தீர்த்தேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. ஐந்தாம் நாள் ஆபீஸில் அவசரம் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பிவிட்டது என்று வழி முழுக்க அழுகை.

மருத்துவர் என் கதையை முழுசாகக்கூடக் கேட்கவில்லை. "நிறுத்தி எத்தனை நாள் ஆச்சு?" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு வந்தது நோயில்லை, திடீரென்று நிறுத்தியதால் வந்த உபாதை. இந்த வகை மாத்திரைகளை வாரக்கணக்கில் எடுத்து மூளை அதற்குப் பழகிய பிறகு சட்டென்று விட்டால், பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் இது ஆரம்பிக்கும். பராக்ஸெட்டின் உடம்பில் ஏறக்குறைய ஒரு நாளிலேயே பாதியாகக் குறைந்துவிடும். அதனால் சீக்கிரம் தெரியும். பதற்றத்துக்குத் தரும் இன்னொரு மாத்திரையான வென்லாஃபாக்ஸின் அதைவிட வேகமாக இறங்கும். பராக்ஸெட்டின் வகையையே சேர்ந்த ஃப்ளூஆக்ஸெட்டின் பல நாள் தங்கி மெதுவாக இறங்குவதால் அதில் இந்தத் தொல்லை குறைவு. நோய் உண்மையிலேயே திரும்புவதாக இருந்தால் வழக்கமாக வாரங்கள் எடுத்துக்கொண்டு மெல்ல வரும். நிறுத்திய மூன்றாம் நாளே தலைக்குள் கரன்ட் அடித்தால் சந்தேகப்பட வேண்டியது டிராயரில் கிடக்கும் அட்டையைத்தான்.

அல்பிரஸோலம், குளோனாஸெபாம் போன்ற, பதற்றத்தைச் சீக்கிரம் அமுக்கும் மாத்திரைகளைத் தினமும் எடுப்பவர்கள் என்னைவிட அதிகம் பயப்பட வேண்டும். அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். குறைப்பதாக இருந்தாலும் மருத்துவர் சொல்லி, படிப்படியாகத்தான்.

அந்த ஐந்து நாளுக்கு நான் கொடுத்த விலை பெரிது. அளவை மறுபடி சரிசெய்து, 'எந்த நேரமும் திரும்பி வந்துவிடும்' என்ற பயம் அடங்க இரண்டு மாதம் ஆனது. ஆனாலும் எனக்குக் கோபம் அட்டையை மறைப்பவர்கள்மேல் இல்லை. "லீவுலயாவது அந்தக் கருமத்தை முழுங்காம இருக்கக் கூடாதா?" என்று அன்பாகச் சொல்கிறவர்கள்மேல்தான். சர்க்கரை நோயாளியிடம் இப்படிச் சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

இப்போது என் மாத்திரை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் பயணம் செய்கிறது. அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தை விட்டுவைப்பேன். அவசரத்தில் மருத்துவமனைக்குப் போனால் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். நாடு விட்டு நாடு போவதென்றால் கூடு உதவாது. மருந்துச் சீட்டும் அசல் பெட்டியும் கைப்பையில் இருக்க வேண்டும். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே மாத்திரைகளை எண்ணிவிடுங்கள், திரும்பும் நாளுக்கு மேல் நான்கு நாள் சேர்த்து. உங்களுக்கு விடுமுறை என்றால் உங்கள் மருத்துவருக்கும் விடுமுறைதான்.

விட்ட மாத்திரையைச் சேர்த்துப் போடுவது

கூடாது. ஒரு வேளை விட்டுப்போனால் இரண்டாகப் போடாதீர்கள். பல நாள் விட்டுப்போயிருந்தால், பழைய அளவிலேயே தொடங்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

ஒரு பெக் போட்டால் சரியாகிவிடும்

முதல் ஒரு மணி நேரம் சரியாகத்தான் இருக்கும், அதுதான் சிக்கலே. மது இறங்கும்போது, அது அமுக்கி வைத்திருந்த நரம்புகள் எதிர்த்திசையில் துள்ளும். விடிகாலை நான்கு மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துக்கொண்டு, 'நேற்று யாரிடம் என்ன உளறினேன்' என்று கூரையைப் பார்த்தபடி கிடப்பது அதனால்தான். மேலே சொன்ன அல்பிரஸோலம் வகையோடு மதுவைக் கலப்பது இன்னும் மோசம், மூச்சே மந்தமாகிவிடும். அதில் 'கொஞ்சம்தானே' என்ற பேச்சுக்கு இடமில்லை.

காபியும் கொஞ்சம் அப்படித்தான். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதி உள்ளே இருக்கும். உபசரிப்பில் வரும் நான்காவது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள். குடிக்கவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

மூச்சுப் பயிற்சியை அன்றைக்குத்தான் கற்றுக்கொள்வது

பீதி உச்சத்தில் இருக்கும்போது செல்போனில் வீடியோ தேடி, 'நான்கு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு' என்று தொடங்கினால் எண்ணிக்கை தவறும். தவறினால் இன்னும் பயம் வரும். எனக்கு ஒரு கல்யாண மண்டபத்தின் கார் பார்க்கிங்கில் இது நடந்தது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற நிதானம், பயமில்லாத நாட்களில் காலையும் இரவும் ஐந்து நிமிடம் பழகினால்தான் பயமுள்ள நாளில் கைகொடுக்கும். இரண்டு வாரம் முன்னதாகத் தொடங்குங்கள்.

'அதை நினைக்காதே'

1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவினர் மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்றார்கள். மாணவர்கள் அதையேதான் நினைத்தார்கள். பதற்றமும் ஒரு கரடிதான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கட்டும், நீங்கள் உங்கள் பேச்சைத் தொடருங்கள்.

பாத்ரூமில் போய் ஒளிவது

ஐந்து நிமிடம், முகம் கழுவ என்றால் போகலாம். திரும்பி வருவதுதான் முக்கியம். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது வீட்டுக்கே ஓடிவிட்டால், 'ஓடியதால் தப்பித்தோம்' என்று மனசு குறித்துவைத்துக்கொள்ளும். அடுத்த முறை வாசலிலேயே பயம் தொடங்கும். பீதி அலை பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும். இறங்கிய பிறகு விடைபெறுங்கள், அவமானமே இல்லை.

பத்து வருடக் குடும்பக் கணக்கைத் தீர்க்க இந்த நாளைத் தேர்ந்தெடுப்பது

வேறு நாள் பாருங்கள்.

இரவு வந்து இறங்கி, காலையில் வேலைக்குப் போவது

அழுத்தம் இருக்கும்போது தாங்கும் உடம்பு, அழுத்தம் தளர்ந்ததும் படுத்துவிடும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பரபரப்பு அடங்கிய மறுநாள்தான் மண்டை பிளக்கும். அதனால் நான் எங்கு போனாலும் எல்லோருக்கும் ஒரு நாள் முன்னதாகவே வீடு திரும்பக் கிளம்பிவிடுவேன். அண்ணி ஒவ்வொரு முறையும் கேட்பார், "ஒரு நாள் முன்னாடியே போய் அங்க என்ன பண்ணப் போற?" துணி துவைக்க வேண்டும் என்பேன். துவைக்கவும் செய்வேன்.