மூஸ் ஃபக்ரறிக்கு ஏப்ரல் கடைசியில் போகாதீர்கள்

கனடாவுக்கு வந்த முதல் வருடத்தில் நயாகராவைப் பார்க்கிறோம், சி.என். கோபுரத்துக்குக் கீழே நின்று படம் எடுக்கிறோம், அதோடு நாடு பார்த்து முடிந்துவிடுகிறது. இந்த மண்ணுக்கு உரிய சனங்களின் ஊர் ஒன்றுக்கு ஒருமுறையாவது போய் வாருங்கள் என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு ஜேம்ஸ் குடாவுக்குப் பக்கத்தில், மூஸ் ஆற்றின் நடுவே இருக்கும் மூஸ் ஃபக்ரறித் தீவு நல்ல இடம். மூஸ் கிறீ மக்களின் ஊர் அது. ஆனால் நாங்கள் போன மாதிரிப் போகாதீர்கள், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வழி சிக்கலில்லை. ரொறன்ரோவிலிருந்து நெடுஞ்சாலை 11 பிடித்து வடக்கே போனால் கொக்ரேன், 700 கிலோமீற்றருக்குக் குறையாது. காரை அங்கே விட்டுவிட்டு போலர் பெயார் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் இன்னும் 300 கிலோமீற்றர், ஏறக்குறைய ஐந்து மணித்தியாலத்தில் மூசனி. 1932இல் வந்த இந்தத் தண்டவாளம் அங்கேயே முடிகிறது, தெற்கிலிருந்து வருடம் முழுக்க ஓடக்கூடிய சாலையும் கிடையாது. ரயிலின் பெயரைப் பார்த்து, ஜன்னலில் பனிக்கரடி தெரியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்காதீர்கள். தெரிவது காடும் சதுப்பும்தான். மூசனியில் இறங்கி ஆற்றைக் கடந்தால் தீவு.

அந்த ஆற்றில்தான் நாங்கள் மாட்டினோம்.

நான் நயினாதீவில் பிறந்தவன், குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்தே வளர்ந்தவன். தீவு என்றால் துறை இருக்கும், துறை இருந்தால் படகு இருக்கும், காற்று அடித்தால் அரை நாள் பிந்தும், அவ்வளவுதான் என்பது எனக்குள் ஊறிப்போன கணக்கு. மைத்துனர் குடும்பம் ஜனவரியில் வந்து இறங்கியது, அவருக்கு மே மாதம் வேலை தொடங்குகிறது, ஆகவே ஏப்ரல் கடைசி வாரம் போய்வரலாம் என்று முடிவு செய்தோம். நகரத்தில் ஒரு பயண முகவர் வடக்கின் பாரம்பரிய வாழ்க்கை, மூன்று நாள் என்று விளம்பரம் போட்டிருந்தார். தீவில் அறை, கூடாரத்தில் சமையல், முதியவர் ஒருவரோடு ஒரு முழு நாள். ஐந்து பேருக்கு 2,600 டொலர், கட்டினால் திருப்பித் தரமாட்டார்கள். தீவுக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்காமல் கட்டிவிட்டேன்.

மூசனியில் இறங்கி ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தால், கார் அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் பனிப்பாளங்கள் ஒன்றையொன்று இடித்துப் புரட்டிக்கொண்டு போகின்றன. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே வாகனங்கள் ஓடும், கோடையில் வோட்டர் ராக்ஸி என்று நீளமான மோட்டார்ப் படகுகள் ஓடும். பனி உடைகிற வசந்த வாரங்களிலும், மறுபடி உறையத் தொடங்குகிற வாரங்களிலும் இரண்டும் கிடையாது, ஹெலிகொப்ரர் மட்டும்தான். அதுவும் தீவுக்கும் கரைக்கும் இடையே அன்றாடம் போய்வர வேண்டிய ஊர்ச்சனத்துக்கு அவசியமானது, உல்லாசமாக வந்த நாங்கள் அவர்களுடைய இடத்தைப் பிடிப்பது சரியில்லை. மாமி வேறு அதில் ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

முகவருக்கு அழைத்தேன். இயற்கைக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார். எனக்கு ஆறாத கோபம் அதில்தான். ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் என்று வருடந்தோறும் உடைகிற ஆறு அது, மூசனியில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பனிப்பாளங்கள் அடைத்துக்கொண்டால் வெள்ளம் வரும். தீவின் பழைய தேவாலயத்தில் தரையிலேயே துளைகள் போட்டு அடைப்பு வைத்திருந்தார்களாம், வெள்ளம் உள்ளே வந்து போகட்டும், கட்டடம் மிதந்து போகக்கூடாது என்று. இன்னும் வடக்கே இருக்கிற கஷெச்சுவான் மக்களை வெள்ளத்துக்குப் பயந்து பல வசந்தங்களில் விமானத்தில் ஏற்றி வெளியே கொண்டுபோகிறார்கள். சனம் ஆற்றைப் பார்த்துக் கவலைப்படுகிற வாரத்துக்கு எங்களுக்கு ரிக்கெற் விற்றிருக்கிறார்.

சரி, ஆற்றைக் கடந்திருந்தாலும் அந்த முதியவரைப் பார்த்திருக்க மாட்டோம். அதே வாரங்களில்தான் வாத்துகள் தெற்கிலிருந்து திரும்பி வருகின்றன. கிறீ மொழியில் நிஸ்கா. பள்ளிக்கூடங்களையே மூடிவிட்டு, பாட்டன் பாட்டியிலிருந்து குழந்தைவரை காட்டிலுள்ள தங்கள் முகாம்களுக்குப் போய்விடுகிறார்கள். பொழுதுபோக்கு வேட்டை என்று நினைக்கக்கூடாது. அடுத்த பல மாதங்களுக்கான இறைச்சி அது, பிள்ளைகள் காட்டையும் பேச்சையும் படிக்கிற இடமும் அதுதான். அறுவடை நாளில் வயல்காரரைப் பிடித்து, வாருங்கள், எங்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுங்கள் என்று கேட்டால் எப்படி இருக்கும்?

ஆகவே பணம் கட்ட முன்னர் அந்த ஊரின் சமூக அலுவலகத்துக்கோ தங்கும் விடுதிக்கோ நீங்களே பேசுங்கள். அந்த வாரம் ஆற்றை எதில் கடப்பது, ஊர்ச்சனம் ஊரில் இருப்பார்களா, எங்களைக் கூட்டிப்போகிறவர் அந்த ஊர்க்காரர்தானா, கட்டுகிற பணம் அவர் கைக்குப் போகிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஜூலை, ஓகஸ்ட் நல்லது. நுளம்பு கடுமை, முழுக்கைச் சட்டை வேண்டும். பெப்ரவரியில் பனிச்சாலையில் போகலாம், ஆனால் மைனஸ் 30 என்பது அங்கே சாதாரணம். முதல் குளிர்காலத்திலேயே குழந்தைகளோடு அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம், செவ்விந்தியர் என்று நாம் படித்த சொல்லை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். அவர்கள் கிறீ மக்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மது கொண்டுபோகாதீர்கள், பல ஊர்களில் அதற்குச் சொந்தச் சட்டம் இருக்கிறது. அந்தத் தீவில் 1976 வரை விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய், தாய்மொழி பேசினால் தண்டித்த பள்ளிகளில் ஒன்று. அங்கே படித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள். முள்ளிவாய்க்காலில் என்ன பார்த்தாய் என்று முதல்முறை சந்திக்கிறவர் கேட்டால் நமக்கு என்ன செய்யும் என்று தெரியும்தானே.

அடுத்த ரயில்வரை இரண்டு இரவு மூசனியில் கிடந்தோம். மைத்துனரின் மகள் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தவள், அந்த எழுத்துகளின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரே வடிவத்தைத் திசை திருப்பித் திருப்பி எழுதினால் உயிரொலி மாறுகிறது, நம்முடைய உயிர்மெய் மாதிரி. தனி மெய்க்கு நாம் புள்ளி வைக்கிறோம், அவர்கள் மேலே சின்னதாக எழுதுகிறார்கள்.

இரண்டாம் நாள் பக்கத்து வளவில், முழங்கால் வலியால் முகாமுக்குப் போகாமல் நின்றுவிட்ட ஒரு வயதான அம்மா வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தார். பேரன் முகாமிலிருந்து அனுப்பியதாம். மாமி வேலிக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், பிறகு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். மாமிக்கு ஆங்கிலம் வராது. இரண்டு மணித்தியாலம் இருவரும் பிடுங்கினார்கள். சாயங்காலம் கூடாரத்துக்குள்ளே நெருப்புக்கு மேல் கயிற்றில் தொங்கவிட்டு, மெல்லச் சுழலச் சுழல வாட்டிய வாத்தை எங்கள் ஐந்து பேருக்கும் அந்த அம்மா பங்கிட்டுத் தந்தார். தரையில் ஸ்புரூஸ் கிளைகள் பரப்பியிருந்தன, அந்த வாசனை என் குளிரங்கியில் ஒரு வாரம் இருந்தது. காசு நீட்டினேன், வாங்கவில்லை.

ஓகஸ்டில் திரும்பப் போகிறோம், இந்தமுறை அந்த அம்மாவிடம் கேட்டுத்தான் நாள் வைத்தோம். மாமி அவருக்கென்று ஊரிலிருந்து பனங்கட்டி எடுப்பித்து வைத்திருக்கிறார்.