தயவுசெய்து ஒன்றைக் கூட்டாதீர்கள்

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் பயோபைத்தான் (உயிரியல் தரவைக் கையாளும் பைத்தான் மொழி நிரல் தொகுப்பு) போன்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தித் திருத்தக்கூடிய திறந்த மூலத் திட்டங்களுக்கு நிரல் எழுதிக் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் எங்கள் காலத்துப் பிழைகளையே அவர்களும் வரிசை பிசகாமல் விடும்போது சும்மா இருக்க முடியவில்லை. கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதாதே என்பது போன்ற பால பாடங்களை விட்டுவிடுகிறேன்.

எண் ஒன்று குறைகிறதே என்று திருத்தப் புறப்படுவது

ஜென்பாங்க் என்ற மரபணு வரிசைத் தரவுத்தளத்தின் கோப்பில் ஒரு புரதத்துக்குரிய பகுதி 5..22 என்று இருந்தால், பயோபைத்தான் அதை [4:22] என்று காட்டும். புதியவர் கண்ணுக்கு இது வழு, அதாவது நிரலில் உள்ள பிழை. ஜென்பாங்க் ஒன்றிலிருந்து எண்ணிக் கடைசி எழுத்தையும் சேர்த்துக்கொள்கிறது. பைத்தான் பூச்சியத்திலிருந்து எண்ணி, முடிவெண்ணுக்கு முந்தியதோடு நிற்கிறது. இரண்டிலும் இருப்பவை அதே 18 டிஎன்ஏ எழுத்துகள்.

மட்டக்களப்பில் நெல் மரபணுக்களோடு வேலை செய்த ஒரு மாணவர் குழுவில், தம்பி ஒருவர் தொடக்க எண்ணோடு ஒன்றைக் கூட்டிவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. தன் கணினியில் இருந்த பயோபைத்தான் பிரதியைத் திருத்தி, பென்டிரைவில் மற்றவர்களுக்கும் கொடுத்தார். முதலெழுத்துப் போனால் மூன்று மூன்றாக வாசிக்கும் வரிசை முழுவதும் நகர்ந்துவிடும். ஏ-டி-ஜி-ஜி என்று தொடங்கும் மரபணுவில் மெதியோனின் என்ற அமினோ அமிலம் வர வேண்டிய இடத்தில் ட்ரிப்டோபன் வந்து நின்றது. நடுவில் கண்டபடி, புரதம் இங்கே முடிகிறது என்னும் நிறுத்தக் குறிகள். அப்போதாவது சந்தேகம் வர வேண்டாமா? அந்த வரிசைகளைத் "தரம் குறைந்தவை" என்று வடிகட்ட இன்னொரு நிரல் எழுதினார்கள்! நல்ல தரவு குப்பைக்குப் போனது. ஆய்வறிக்கையின் அட்டவணைகளை முதலிலிருந்து போட வேண்டியிருந்தது. இன்றும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் பயோபைத்தானோடு வரும் சோதனைகளை ஒருமுறை ஓட்டியிருந்தாலே அவை தோற்றுக் காட்டியிருக்கும். திட்டத்தின் பக்கத்தில் ஒரு கேள்வி போட்டிருந்தாலும் போதும்.

மரபணுத் தரவைச் சேமிக்கும் வேறு கோப்பு வடிவங்களிலும் இந்தக் குழி உண்டு. பெட் கோப்பு பூச்சியத்திலிருந்து எண்ணும்; ஜிஎஃப்எஃப், விசிஎஃப் இரண்டும் ஒன்றிலிருந்து. சாம் ஒன்றிலிருந்து எண்ண, அதன் இரும வடிவமான பாம் பூச்சியத்திலிருந்து எண்ணும். (யார் தலையெழுத்தோ!) ஆகவே விரல்விட்டு எண்ணக்கூடிய சிறு வரிசை ஒன்றுக்குச் சோதனை எழுதுங்கள். அது தோற்றால் மட்டும் நிரலைத் தொடுங்கள்.

சோதனைத் தரவை எக்செலில் திறந்து சேமிப்பது

மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் திகதிகளாக்கிவிடும். இந்தத் தொல்லையால் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020இல் அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்2 என்றே மாற்ற வேண்டியதாயிற்று. ஆனாலும் பழைய கோப்புகளில் பழைய பெயர்கள்தான் இருக்கின்றன.

உரிமம் எழுதாமல் வெளியிடுவது

பிறர் எடுத்தாளலாம் என்ற அனுமதி இல்லாவிட்டால் அது திறந்த மூலம் அல்ல.

நோயாளிகளின் தரவை மாதிரிக்கு ஏற்றுவது

கூடவே கூடாது. பிறகு அழித்தாலும், நிரலின் எல்லா மாற்றங்களையும் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றில் கிடக்கும்.

எல்லாவற்றையும் ஒரே கோரிக்கையில் திணிப்பது

உங்கள் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லித் திட்டத்துக்கு அனுப்பும் கோரிக்கையில் வழுத் திருத்தம், மாறிகளின் பெயர் மாற்றம், இடைவெளிச் சீரமைப்பு எல்லாம் ஒரே மூட்டையாக வந்தால் பராமரிப்பவர் எதைப் பார்ப்பார்? அவர்களிற் பலர் சம்பளமின்றி, சொந்த வேலை முடிந்த பிறகே வாசிக்கிறார்கள். திருத்தத்தை மட்டும் முதலில் அனுப்புங்கள். இடைவெளிகளைச் சீரமைக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு அனுப்பலாம். பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள்.