மாத்திரை வாங்கும் முன்: நீண்ட க்யூடி உள்ளவர் வீட்டில் இருந்தால்

என் தங்கைக்குக் குழந்தை பிறந்து 3 வாரம். விடியற்காலையில் தலைமாட்டில் இருந்த போன் அலறியது. திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். கை கால் வெட்டி இழுத்தது, ஒரு நிமிடத்தில் தெளிந்துவிட்டது. வலிப்பு என்று சொல்லி ஓராண்டுக்கு மேல் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு வேறொரு மருத்துவர் பிரசவ ஃபைலில் கிடந்த ஈசிஜி தாளை அளந்து பார்த்து, இது நீண்ட க்யூடி, அதாவது இதயத்தின் மின்னோட்டத்தில் உள்ள கோளாறு என்றார். மரபணுச் சோதனையும் அதையே சொன்னது.

நான் மருந்துக்கடையில் 18 ஆண்டாக மருந்தாளுநர். அவளுக்கு ஆகாத மாத்திரைகளை அத்தனை நாளும் என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கோளாறு எங்கே என்று புரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயச் செல்லுக்குள் நேர்மின்னேற்றம் நிரம்பும். அடுத்த துடிப்புக்குள் அது வடிந்தாக வேண்டும். வடிய விடுபவை பொட்டாசியம் கால்வாய்கள். மின்னழுத்தம் மாறுவதை உணர்ந்து தானே திறக்கும் மதகுகள். என் தங்கைக்குப் பழுதானது ஹெர்க் என்னும் மதகு. ஈதர் மயக்கத்தில் காலை உதறி ஆடிய பழ ஈக்களில் கண்ட மரபணுவின் உறவு என்பதால் வந்த பெயர் அது. மதகு சரியாகத் திறக்காவிட்டால் வடிய நேரமாகும், ஈசிஜியில் அந்த நேரத்தைக் காட்டும் க்யூடி இடைவெளி (க்யூ அலையின் தொடக்கம் முதல் டி அலையின் முடிவு வரை) நீளும். அந்த நேரத்தில் தப்பான துடிப்பு ஒன்று குறுக்கிட்டால் இதயம் தாறுமாறாக ஓடி, மூளைக்கு ரத்தம் போகாமல் ஆள் விழுவார்.

ஹெர்க் கோளாறில் திடீர்ச் சத்தமும் அதிர்ச்சியும்தான் பெரும்பாலும் தூண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் ஆபத்து கூடும். இன்னொரு மதகான கேசிஎன்க்யூ1 பழுதானால் ஓட்டமும், குறிப்பாக நீச்சலும் தூண்டும். நன்றாக நீந்தத் தெரிந்தவர் காரணமில்லாமல் மூழ்கிப்போன கதை உங்கள் குடும்பத்தில் இருந்தால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஈசிஜி மெஷின் அச்சடிக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஹெர்க் கோளாறில் டி அலை தட்டையாக, பள்ளம் விழுந்து இருக்கும்; மெஷின் அதன் முடிவைத் தவறவிடலாம். வழக்கமான வேகத்தில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். தங்கையின் தாளில் க்யூடி பதினொன்றரைக் கட்டம், அதாவது 460. இரண்டு துடிப்புக்கு இடையே 20 கட்டம், அதாவது 0.8 செகண்ட். துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்த, 460ஐ 0.8இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சுமார் 514. இந்தத் திருத்திய எண் ஆணுக்கு 450, பெண்ணுக்கு 460 தாண்டினாலே நீளம்தான். 500 தாண்டினால் அபாயம் அதிகம். நீங்களே கணக்குப் போட்டாலும் முடிவை இதய மருத்துவர் சொல்லட்டும். ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லாருக்கும் ஈசிஜி எடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

அப்புறம் மருந்து. ஹெர்க் மதகின் உட்குழி விசாலமானது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மருந்துகள் உள்ளே போய் ஒட்டிக்கொண்டு மதகை அடைத்துவிடும். ஒவ்வாமைக்குக் கொடுத்த டெர்ஃபெனடின் இந்தக் காரணத்தால்தான் 1998இல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. இன்று கவலைப்பட வேண்டியவை நம் கடை அலமாரியிலேயே இருக்கின்றன: சளிக்கு அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், வாந்திக்கு ஒண்டான்செட்ரான், பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல், பாக்டீரியாத் தொற்றுக்கு லெவோஃப்ளாக்சசின், மாக்ஸிஃப்ளாக்சசின். "அக்கா, ஒரு கேஸ் மாத்திரை" என்று கேட்பவர்களுக்குக் கொடுக்கும் கேப்ஸ்யூல் பலவற்றில் பான்டோப்ரசோலோடு டோம்பெரிடோன் சேர்ந்தே இருக்கிறது. அதோடு கிளாரித்ரோமைசினும் சேர்ந்தால் இன்னும் மோசம். டோம்பெரிடோனைக் கல்லீரல் சிதைப்பதை அது தடுத்துவிடும். ரத்தத்தில் அளவு ஏறும்.

ஆகவே அட்டையின் பின்பக்கம் உள்ள பெயர்களைப் படியுங்கள். பிராண்டு பெயர் போதாது. க்யூடியை நீட்டும் மருந்துகளைப் பட்டியலிடும் கிரெடிபிள்மெட்ஸ் இணையதளத்தில் தேடுங்கள். நீண்ட க்யூடி இருக்கிறது என்று எழுதிய ஒரு அட்டையைப் பர்ஸில் வையுங்கள். பல் மருத்துவரிடமும் காட்டுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடலாம்.

வயிற்றுப்போக்கை அலட்சியம் செய்யாதீர்கள். பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்தால் க்யூடி இன்னும் நீளும். உடனே ஓஆர்எஸ் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு இளநீரும் நல்லது. நிற்கவில்லையென்றால் ரத்தத்தில் உப்புகளின் அளவைப் பாருங்கள்.

தங்கை வீட்டில் அலாரம் கிடையாது. போன் இரவில் வேறு அறையில் இருக்கும், காலிங்பெல்லையும் மாற்றிவிட்டோம். அட்ரினலின் இதயத்தைத் தூண்டாமல் தடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை ஒரு வேளைகூட விடுவதில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் அதை ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆள் விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 108ஐ அழைத்துவிட்டு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்துங்கள். தானாகவே எழுந்துகொண்டாலும் ஈசிஜி எடுக்காமல் வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள். அந்தத் தாளை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். வெப்பத் தாளில் கோடுகள் நாளடைவில் மங்கிவிடும். தங்கையின் தாளில் அளக்கிற அளவுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வரிசைதான்.