பாப்பெல் பிகாதோ: மெக்சிகோவின் காகிதத் தோரணத்தைப் புது ஊரில் சொல்லிக்கொடுப்பது எப்படி?

மெக்சிகோவின் புவெப்லா மாநிலத்தில் சான் சல்வதோர் விஷ்கொலோத்லா என்று ஒரு சிறிய ஊர். அங்குள்ள பட்டறைகளில் மெல்லிய கலர்த் தாள்களை ஐம்பது வரை அடுக்கி, ஈயத் தகட்டின் மேல் வைத்து, சின்னச் சின்ன உளிகளால் தட்டித் தட்டி வெட்டுவார்கள். மண்டையோடு, பூ, பறவை எல்லாம் அந்த உளி முனையில் பிறக்கும். இதற்குப் பெயர் பாப்பெல் பிகாதோ, அதாவது குத்தி வெட்டிய தாள். 1998-இல் புவெப்லா மாநிலம் இதைத் தன் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

இந்தக் கலையை, அது என்னவென்றே தெரியாத பத்துப் பதினைந்து பேருக்கு ஒரு மாலை நேரத்தில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் இந்தப் பதிவு. உளியும் ஈயத் தகடும் வேண்டாம். கத்தரிக்கோல் போதும்.

முதலில் கதை, அப்புறம் கத்தரிக்கோல்

நான் முதல் தடவை இதை நடத்தியபோது வந்தவர்கள் உட்கார்ந்ததுமே தாளைக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் அழகாகத்தான் வெட்டினார்கள். ஆனால் முடிவில் ஒரு சிறுமி, "இது ஹாலோவீனுக்கா?" என்று கேட்டாள். பேய் வேடம் போடும் பண்டிகைக்கான அலங்காரம் என்று நினைத்துவிட்டாள். தப்பு என்னுடையது. அன்றிலிருந்து முதல் பத்து நிமிடம் பேச்சுக்குத்தான்.

பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோ குடும்பங்கள் இறந்தவர்களை வீட்டுக்கு அழைக்கின்றன. முதல் நாள் குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. ஒஃப்ரெந்தா என்னும் படையல் மேடையில் புகைப்படம், மெழுகுவத்தி, தண்ணீர், அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு எல்லாம் இருக்கும். மேலே தொங்கும் தாள் காற்றுக்கு அடையாளம். அது அசைந்தால் வந்துவிட்டார்கள் என்பார்கள். இதைச் சொன்ன பிறகு அந்த மண்டையோடு யாரையும் பயமுறுத்துவதில்லை. இந்த வழக்கத்தை 2008-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மேடையில் கொட்டும் செம்பசூச்சில் பூவைக் காட்டினால் நம்மவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். நம் ஊர்ச் செண்டுப்பூதான். அதன் பூர்வீகமே மெக்சிகோ. மெக்சிகோவின் பூர்வகுடி மொழியான நாவாட்லில் அந்தப் பெயருக்கு 'இருபது பூ' என்று பொருள்.

உங்கள் ஊரில் மெக்சிகோ குடும்பம் ஒன்று இருந்தால், இந்தப் பத்து நிமிடத்தை அவர்களிடமே கொடுங்கள். அவர்கள் வரும் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள்.

தாள்

பட்டம் செய்யும் மெல்லிய கலர்த் தாள் வாங்குங்கள். மெக்சிகோவில் இதைச் 'சீனத் தாள்' என்றே சொல்கிறார்கள். பிலிப்பைன்ஸின் மணிலாவிலிருந்து மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்குச் சரக்குக் கப்பல்கள் ஓடிய காலத்தில் ஆசியாவிலிருந்து வந்த பொருள்களில் ஒன்று அது. 50க்கு 70 செ.மீ. தாள் ஒன்றில் 25க்கு 35 அளவில் நான்கு துண்டு கிடைக்கும். ஒருவருக்கு நான்கு துண்டு, நான்கு நிறத்தில்.

மடிப்பு

நான்கையும் ஒன்றாக அடுக்கி, நீளவாக்கில் பாதியாக மடித்து, திறந்த பக்கத்தின் ஓரத்தில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடியுங்கள். பின் அடித்த ஓரம் கடைசியில் வெட்டிப் போகும். மேலே 3 செ.மீ. விட்டுப் பென்சிலால் கோடு போடுங்கள். நூல் கோப்பது அங்கேதான், அதனால் கோட்டுக்கு மேல் கத்தரி போகக் கூடாது.

வரைவதும் வெட்டுவதும்

இதில்தான் அவசரப்படாமல் இருக்க வேண்டும். மடிப்பை ஒட்டிப் பாதி மண்டையோட்டை வரையுங்கள். விரித்தால் மறுபாதி தானாக வந்துவிடும்.

மூக்கு சுலபம். நடுமடிப்பில் பாதிச் சொட்டு வடிவம் ஒன்று வெட்டினால் போதும். கண் மடிப்பிலிருந்து தள்ளி இருப்பதால், கண்ணின் நடுவே தாளை லேசாக இன்னொரு மடிப்பு மடித்து அரைவட்டம் வெட்டுங்கள். பல்லுக்கு, வாய்க்கோட்டில் குறுக்காக மடித்து மூன்று நான்கு சின்ன முக்கோணங்கள். விரித்தால் வைர வரிசை.

இனி பின்னணி. மண்டையோட்டைச் சுற்றி இலை இலையாகத் துளைகள் வர வேண்டும். அதற்கும் அதே குட்டி மடிப்பு வித்தைதான்: இலையின் நடுவில் மடி, பாதி இலையை வெட்டு. ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் நடுவே 1 செ.மீ. தாள் கட்டாயம் மிஞ்ச வேண்டும். அந்த இடைவெளிகள்தான் பாலம்; அவை இல்லையென்றால் முகம் மொத்தமாகக் கீழே விழுந்துவிடும். புதிதாக வெட்டுபவர்கள் தடுமாறுவது இந்த ஒரு இடத்தில்தான். ஆகவே வெட்டிப் போக வேண்டியதை மட்டும் முன்கூட்டியே பென்சிலால் நிழலிடச் சொல்லுங்கள். நிழல் நிழலைத் தொட்டால் அங்கே பாலம் இல்லை.

கடைசியாக, கீழ் ஓரத்தில் அலை வடிவம் வெட்டி, பின் அடித்த ஓரத்தையும் கத்தரித்து எடுங்கள்.

மண்டையோடு வேண்டாம் என்று யாராவது சொன்னால் வற்புறுத்தாதீர்கள். பூவும் புறாவும் இந்தக் கலைக்குச் சொந்தமானவைதான். மெக்சிகோவில் கல்யாணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும்கூட இதே தோரணம் கட்டுகிறார்கள்.

விரிப்பது

நான்கு தாளையும் ஒரேயடியாக இழுக்காமல் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். கனமான புத்தகத்துக்கு அடியில் கால்மணி நேரம் வைத்தால் மடிப்புத் தடம் குறையும். காத்திருக்கும் அந்த நேரத்தில், யாரை நினைத்து வெட்டினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் பேச ஆரம்பித்தால் அடுத்தவரும் பேசுவார். யாராவது பேசாமல் இருந்தாலும் சரிதான்.

கட்டுவது

மேல் 3 செ.மீ. பகுதியை நூலின் மேல் மடித்து ஒட்டுங்கள். தாளுக்கும் தாளுக்கும் இரண்டு விரல் இடம் விடுங்கள். தோரணத்தின் ஓரமாக ஒரு அட்டையில் விஷ்கொலோத்லாவின் பெயரை எழுதி மாட்டுங்கள். எல்லோரும் வெட்டியதைச் சேர்த்து, சன்னல் பக்கமாக, காற்று வரும் இடத்தில் கட்டுங்கள்.